களை பிடுங்குவது யார் வேலை?

(தோட்டக் குடும்பங்களுக்காக ஞாயிறு பின்னேரம் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. பேசிய நடையிலேயே, சில இடங்களைச் சுருக்கித் தருகிறோம்.)



ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்பது உங்களுக்குத் துணி துவைக்கவும், விறகு பொறுக்கவும், கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கவும் கிடைக்கிற ஒரே நேரம். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே வளவளவென்று பேசமாட்டேன். இங்கே இருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் என்பது எனக்குத் தெரியும். வேதக்காரர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனாலும் வேதக் கதை ஒன்றைச் சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கதை வேதத்தில் இருந்தாலும் அதில் வருகிற வேலை உங்கள் வேலைதான். புல்லு வெட்டுற வேலை.

இயேசுநாதர் கலிலேயாக் கடலோரத்தில் ஒரு படகில் உட்கார்ந்துகொண்டு, கரையில் நின்ற சனங்களுக்குச் சில கதைகள் சொன்னார். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் 13ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது. அங்கே சொன்ன கதைகளில் ஒன்று இது. ஒரு காணிக்காரர் தன் வயலில் நல்ல கோதுமை விதை விதைத்தார். இராத்திரி எல்லாரும் தூங்கிய நேரத்தில் அவருடைய பகையாளி ஒருத்தன் வந்து, அதே வயலில் களை விதையைத் தூவிவிட்டுப் போய்விட்டான். முளைக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. கதிர் வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. வேலையாட்கள் ஓடி வந்தார்கள். "ஐயா, நீங்க நல்ல விதைதானே போட்டீங்க, இது எங்கேயிருந்து வந்துச்சு?" என்றார்கள். "பகையாளி செஞ்ச வேலை" என்றார் அவர். "அப்போ நாங்க போய்ப் பிடுங்கிப் போடட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றார். களையைப் பிடுங்கப்போய்க் கோதுமையையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவீர்கள், அறுப்பு மட்டும் இரண்டும் வளரட்டும், அறுக்கிற நேரம் அறுக்கிறவர்களிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

கதை அவ்வளவுதான். உங்களில் பலருக்கு இப்போதே ஒரு கேள்வி வந்திருக்கும். புல்லை வளரவிடு என்று எந்தத் துரை சொல்லுவார்? பிரட்டுக்களத்தில் போய், இரண்டும் வளரட்டும் என்று ஒரு கங்காணி சொன்னால் அவருக்கு அடுத்த நாள் வேலை இருக்குமா?

அதற்குத்தான் அந்தக் களை என்ன களை என்று தெரியவேண்டும். பாலஸ்தீன நாட்டுக் கோதுமை வயல்களில் வளர்கிற ஒரு புல் அது. கிரேக்க மொழியில் எழுதிய சுவிசேஷத்தில் அதற்கு சிசானியா என்று பெயர். அரபு பேசுகிற விவசாயிகள் சவான் என்பார்கள். இளம் பருவத்தில் அதற்கும் கோதுமைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம். இலை ஒரே மாதிரி, நிறம் ஒரே மாதிரி. கதிர் தள்ளினால்தான் இது வேறு, அது வேறு என்று தெரியும். ஆனால் அதற்குள் இரண்டின் வேரும் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று பின்னிவிடும். ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். இது ஒன்றும் சும்மா விட்டுவிடக்கூடிய புல்லும் அல்ல. அதன் விதைக்குள் ஒருவகைப் பூஞ்சணம் குடியிருக்கும். அந்த விதை மாவில் கலந்துவிட்டால், ரொட்டி தின்றவனுக்குத் தலை சுற்றும், கண் மங்கும், வெறிகாரன் மாதிரித் தள்ளாடுவான். அளவுக்கு மிஞ்சினால் உயிருக்கே ஆபத்து. ஆகவேதான் அந்த நாட்டுப் பெண்கள் தானியத்தைச் சல்லடையில் போட்டுச் சலித்து, மிஞ்சியதைக் கையால் பொறுக்கி எடுப்பார்கள். காலையில் கோதுமை மா ரொட்டியும் கட்டச் சம்பலும் கட்டிக்கொண்டு மலைக்குப் போகிற நமக்கு இது விளங்காத விஷயம் இல்லை.

அப்படியானால் அந்தக் காணிக்காரர் களையை நல்லது என்று சொல்லவில்லை. அதை நன்றாகக் கவனியுங்கள். பகையாளியின் வேலை என்று வெளிப்படையாகவே சொன்னார். அதற்கு ஒரு முடிவு உண்டு என்றும் சொன்னார். அவர் பயந்தது களைக்கு அல்ல, தன் வேலையாட்களின் அவசரத்துக்கு.

இது தேயிலை மலைக்கும் பொருந்துகிற சங்கதி. பழைய காலத்தில் வெள்ளைக்காரத் துரைமாருக்கு மலை மொட்டையாக இருக்கவேண்டும். ஒரு புல் நுனி தெரியக்கூடாது. உங்கள் தாத்தா பாட்டிமார் சுரண்டியை வைத்துச் சுரண்டு சுரண்டு என்று சுரண்டினார்கள். மலை பார்க்க அழகாகத்தான் இருந்தது. மழை வந்தது. மேல்மண் முழுவதும் ஆற்றோடு போனது. நூறு வருஷம் அப்படிப் போன மண் இனித் திரும்பி வராது. இன்றைக்குத் தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்காரர் என்ன சொல்கிறார்கள்? இலுக்கு மாதிரிக் கெட்ட புல்லை எடு, தேயிலையோடு போட்டி போடாத சிறு பூண்டை விட்டுவை, அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். பழைய தேயிலையைப் பிடுங்கிய இடத்தில் மானாப் புல்லும் குவாத்தமாலாப் புல்லும் நட்டுத்தான் மண்ணைத் தேற்றுகிறார்கள். ஒரு காலத்தில் புல் என்று ஏசியதை இன்றைக்குக் காசு கொடுத்து நடுகிறார்கள் பாருங்கள்.

சரி, கதைக்கு வருவோம். சீஷர்கள் வீட்டுக்குள் வந்து இதற்கு அர்த்தம் கேட்டார்கள். அவரும் சொன்னார். வயல் என்றால் உலகம். விதைத்தவர் மனுஷகுமாரன். பகையாளி பிசாசு. அறுப்பு உலகத்தின் முடிவு. அறுக்கிறவர்கள் தேவதூதர்கள். இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனவர் ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டார். பிடுங்கட்டுமா என்று கேட்டு ஓடிவந்த வேலையாட்கள் யார் என்று அவர் சொல்லவே இல்லை. எனக்குத் தெரிந்தமட்டில் அது நாம்தான். பிடுங்கட்டுமா, பிடுங்கட்டுமா என்று துடிக்கிற ஆட்கள். அறுப்பு வேலைக்கு நம்மைப் பெயர் போடவில்லை என்பதுதான் நமக்குக் கோபம்.

இங்கே நம்முடைய வேதக்காரரிடம் ஒரு வார்த்தை நேராகச் சொல்லவேண்டும். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். சில லயங்களில் நடப்பதை நான் பார்க்கிறேன். புதிதாகச் சபைக்குப் போகத் தொடங்கியவர்கள், அடுத்த காம்பராக்காரர் கோயில் திருவிழாச் சோறு கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். செத்த வீட்டுக்குக்கூட, அங்கே தேங்காய் உடைப்பார்கள், சாம்பிராணி போடுவார்கள் என்று போகாமல் நிற்கிறார்கள். இவர்கள் அவிசுவாசிகள், இவர்கள்தான் களை என்று பேச்சு. அதைக் கேட்ட மற்றப் பக்கம் சும்மா இருக்குமா? பீலித் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் சண்டை. நான் கேட்கிறேன், உன் பிள்ளைக்கு நடுச்சாமத்தில் காய்ச்சல் வந்தபோது லொறிக்கு ஓடியது யார்? அந்த அடுத்த காம்பரா அண்ணன்தானே? கதிர் வராத பயிரைப் பார்த்து இது களை என்று தீர்ப்புச் சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இதற்கு நம்முடைய நாட்டிலேயே நடந்த ஒரு பெரிய சம்பவம் இருக்கிறது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் புரட்டஸ்தாந்துக்காரர். கத்தோலிக்கரை அவர்கள் களையாகத்தான் பார்த்தார்கள். குருமார் நாட்டில் இருக்கக்கூடாது, பூசை வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்த நேரத்தில் கோவாவில் 1651இல் பிறந்த யோசப் வாஸ் என்ற குருவானவர், 1687இல் ஒரு கூலியாள் மாதிரி உடுத்திக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். பகலில் பிச்சைக்காரன்போல வீடு வீடாகப் போவார். இரவில் சனங்களைக் கூட்டிப் பூசை வைப்பார். சில்லாலைச் சனங்கள் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு அவர் புத்தளம் வழியாகக் கண்டிக்குப் போனார். அது 1692ஆம் ஆண்டு. கண்டி அப்போது ஒல்லாந்தர் கையில் இல்லை. சிங்கள மன்னர், இரண்டாம் விமலதர்மசூரியர், ஆண்டுகொண்டிருந்தார். அவர் பௌத்தர்.

போன உடனே மாலை போட்டு வரவேற்றார்கள் என்று நினைக்காதீர்கள். போர்த்துக்கேய ஒற்றன் என்று யாரோ கோள் சொல்ல, அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். கோள் சொன்னவரும் ஒரு கிறிஸ்தவர் என்பதுதான் விசேஷம். சிறையிலிருந்தபடியே அவர் சிங்களம் படித்தார். மெல்ல மெல்ல மன்னருக்கு இந்த ஆளிடம் கள்ளம் இல்லை என்று தெரியவந்தது. 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியது. பெரியம்மை. அந்தக் காலத்தில் அம்மை கண்டவர்களைச் சொந்தக்காரர்களே காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடுவார்கள். பயம் அப்படி. யோசப் வாஸ் அடிகள் காட்டுக்குப் போனார். குடிசை கட்டி, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, புண்ணைக் கழுவி, செத்தவர்களைத் தன் கையாலேயே புதைத்தார். பௌத்தனா, கத்தோலிக்கனா என்று பார்க்கவில்லை. அதன் பிறகு மன்னரின் பாதுகாப்பு அவருக்குப் பலமாகக் கிடைத்தது. 1711 ஜனவரி 16ஆம் திகதி அவர் கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து, காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். நம் தோட்டங்களிலிருந்தும் பஸ் பிடித்துப் போனவர்கள் இருந்தார்கள்.

இதில் யார் கோதுமை, யார் களை, சொல்லுங்கள் பார்ப்போம். வேதப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த ஒல்லாந்தர் அவரைத் துரத்தினார்கள். வேதத்தை அறியாத மன்னர் அவருக்கு நிழல் கொடுத்தார். 1690இல் யாராவது பிரித்துப் பார்க்கச் சொன்னால் நாம் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்போம்?

இது பழைய கதை என்று சொல்லாதீர்கள். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்பு சீயோன் சபையிலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டு வெடித்தது. 250 பேருக்கு மேல் செத்தார்கள். சீயோன் சபையில் செத்தவர்களில் எத்தனையோ பேர் சின்னப் பிள்ளைகள். இதைச் செய்தவர்கள் செய்தது கொடுமை. அதற்கு வேறு பெயர் கிடையாது. ஆனால் அடுத்த மே மாதம் என்ன நடந்தது? குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில், அந்தக் குண்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத முஸ்லிம் சனங்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் கூட்டம் கூட்டமாகப் போய் உடைத்தார்கள். ஒருவர் உயிரும் போனது. களை பிடுங்குகிறோம் என்றுதான் அவர்களும் சொல்லியிருப்பார்கள். 1983 ஜூலையில் தமிழன் வீட்டைக் கொளுத்தியவனும் அப்படித்தான் சொன்னான். நாமும் நம் பெற்றோரும் அந்த வேரோடு பிடுங்கப்பட்டவர்கள். நமக்கு இது தெரியாதா?

கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை அந்த நாட்களில் தம் சனங்களிடம் ஒருவர் மேலும் கை வைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். நீர்கொழும்பில் கலவரம் வந்தபோது நேரிலே போய் நின்றார். அதே கர்தினால் நியாயம் கேட்பதை நிறுத்தவும் இல்லை. யார் இதைத் தடுத்திருக்கவேண்டும், ஏன் தடுக்கவில்லை என்று வருஷக்கணக்காகக் கேட்டார். செத்தவர்களின் சொந்தக்காரரும் குருமாரும் மற்றவர்களும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஜனவரி 12ஆம் திகதி, கடமை தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பக்கத்து வீட்டு முஸ்லிமின் கடையை உடைக்காமல் இருந்ததும் பொறுமை. நீதிமன்ற வாசலில் நாலு வருஷம் காத்து நின்றதும் பொறுமை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் பொறுமை என்கிறேன்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், பொறுமை என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு உங்களுக்குக் காது புளித்துப் போயிருக்கும். பேர் குறைத்துப் போட்டாலும் பொறுமை, கூரை ஒழுகினாலும் பொறுமை. மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனுக்குச் சொல்லுகிற பொறுமை அது. காணிக்காரர் சொன்னது அது அல்ல. களையைக் களை என்று சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்ற நேரத்தில், பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். கூலி கேட்டதால் அவர் பொறுமை இல்லாதவர் ஆகிவிடுவாரா? கேட்பது வேறு, பிடுங்கி எறிவது வேறு.

வீட்டுக்குள்ளேயும் இதே கணக்குத்தான். கசிப்பைக் குடித்துவிட்டு வந்து பெண்சாதியை அடிக்கிறவன் இருக்கிறான். அந்தத் தங்கச்சி பாதிரியாரிடம் போனால் பொறுத்துக்கொள்ளம்மா, சிலுவை சுமக்கணும் என்று சில பேர் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இது தப்பு. இந்தக் கதையில் அப்படி ஒரு வரியும் கிடையாது. அடி வாங்கிக்கொண்டு இரு என்று யாருக்கும் கட்டளை இல்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். பிள்ளைகள் விஷயம் என்றால் 1929. இந்த இரண்டு இலக்கத்தையும் பிள்ளைக் காம்பராச் சுவரில் எழுதி ஒட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவனுக்காக ஜெபம் பண்ணுவது, அவன் திருந்தவேண்டும் என்று ஏங்குவது, அது இரக்கம். அவன் கை எட்டுகிற இடத்தில் பிள்ளைகளை வைத்திருப்பது இரக்கம் இல்லை.

(உரையின் முடிவில் சிலர் கேள்வி கேட்டனர். அவற்றுள் ஒன்றை மட்டும் கீழே தருகிறோம்.)

ஒரு தாயார் எழுந்து கேட்டார்: "ஐயா, என் மூத்த பயல் அஞ்சு வருஷமா குடியில கெடக்குறான். சாமிய நம்பல, ஏசுவ நம்பல, யாரையும் நம்பல. வீட்டுச் சாமானெல்லாம் வித்துட்டான். கை நீட்டமாட்டான், ஆனா ஒரு வேலைக்கும் போறதில்ல. வீட்ட விட்டுத் துரத்துன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் இன்னும் எத்தன வருஷம் பொறுக்குறது?"

அம்மா, எத்தனை வருஷம் என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். உங்களுக்கு இன்னொரு கதை சொல்கிறேன். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒருவர் தன் தோட்டத்தில் அத்திமரம் நட்டிருந்தார். மூன்று வருஷம் வந்து வந்து பார்த்தார், ஒரு காய் இல்லை. வெட்டிப் போடு, நிலத்துக்குப் பாரம் என்று தோட்டக்காரனிடம் சொன்னார். அந்தத் தோட்டக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? ஐயா, இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுவிடுங்கள், நான் சுற்றிலும் கொத்தி எரு போடுகிறேன், காய்த்தால் சரி, இல்லாவிட்டால் பிறகு வெட்டலாம் என்றான். சும்மா விட்டு வையுங்கள் என்று அவன் கேட்கவில்லை. முள்ளுக்குத்தி உரம் போடுகிறேன் என்று கேட்டான். வேலை செய்வதற்குத்தான் தவணை கேட்டான்.

உங்கள் மகனுக்கு இந்த வருஷம் என்ன முள்ளுக்குத்து, என்ன உரம் என்று நாம் உட்கார்ந்து பேசலாம். அவனிடம் காசு கொடுக்காதீர்கள், சோறு கொடுங்கள். அரிசி, மா, உங்கள் சம்பளக் காசு, மூன்றையும் உங்கள் தங்கச்சி காம்பராவில் வையுங்கள். குடியை விட ஆஸ்பத்திரியில் மருந்து உண்டு. அஞ்சு வருஷம் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரும், ஆகவே டொக்டரிடம் கேட்காமல் வீட்டில் அடைத்து வைக்கவேண்டாம். அவனோடு கூடப் படித்த பையன்களில் குடிக்காதவன் இரண்டு பேரைக் கேட்டுப் பாருங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக வருவார்கள். வேதக்காரப் பையனாக இருந்தாலும் சரி, கோயிலுக்குப் போகிற பையனாக இருந்தாலும் சரி. புதன்கிழமை மடுவத்தில் கொழுந்து நிறுத்த பிறகு நான் உங்கள் லயத்துக்கு வருகிறேன். அவன் வீட்டில் இருந்தால் பேசுவோம். இல்லாவிட்டால் வருகிற வரைக்கும் உங்களோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கிறேன்.